முகக்கவசமும் துடைப்பமும்: தில்லி, மும்பை தரும் பாடம்

ஒரு நகரத்து மக்களைப் பற்றி இன்னொரு நகரத்தார் வழங்கும் தீர்ப்புகளில், தூய்மை பற்றிய தீர்ப்பே எளிதில் வாயில் வருவது. தில்லிக்காரர்களுக்குச் சட்டம் என்றாலே அலட்சியம், மும்பைக்காரர்கள் வரிசையில் நிற்கப் பழகியவர்கள் என்று ஒரு தரப்பு சொல்லும். மும்பையில் கண்ட இடத்தில் எச்சில் துப்புகிறார்கள், தில்லியின் அகன்ற சாலைகளைப் பாருங்கள் என்று மறுதரப்பு பதில் சொல்லும். கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் இந்தப் பழைய வாதத்திற்கு முகக்கவசம் ஒரு புதிய கருவியாகக் கிடைத்தது. யார் அணிந்தார், யார் கழற்றினார், யார் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார் என்பதை வைத்து நகரங்களுக்கே குணச்சான்றிதழ் எழுதப்பட்டது.

பெருந்தொற்று ஓய்ந்தபின் இந்த வாதமும் ஓய்ந்திருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் தில்லியின் காற்று நஞ்சாகும்போதும், ஒவ்வொரு மழைக்காலத்திலும் மும்பையின் சாக்கடைகள் தெருவில் ஏறும்போதும் அது திரும்பி வருகிறது. திரும்பி வரும்போது அதன் சுட்டுவிரல் எப்போதும் கீழ்நோக்கியே நீள்கிறது: குடிசைவாசிக்குச் சுத்தம் தெரியாது, புலம்பெயர்ந்த தொழிலாளிக்கு ஒழுங்கு தெரியாது. இப்படித் தொடங்கும் பேச்சு பெரும்பாலும் ஒரு குடியிருப்பை இடிப்பதில் போய் முடிகிறது. ஆகவே இரு நகரங்களின் பழக்கங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை உண்மைகளை வைத்து ஆராய்வது அவசியமாகிறது.

இரு நகரங்கள், இரு வேறு முகக்கவசங்கள்

தில்லி முகக்கவசத்தை அறிந்தது கொரோனாவால் அன்று. 2017 டிசம்பர் 3ஆம் நாள், பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் இந்திய அணிக்கு எதிராக டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்த இலங்கை வீரர்கள் முகக்கவசம் அணிந்து களத்தில் நின்றனர். ஆட்டம் பலமுறை தடைபட்டது. அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. அதற்கு முன்பே, 2016 ஜனவரியில், ஒற்றைப்படை - இரட்டைப்படை எண் வாகனக் கட்டுப்பாட்டைத் தில்லி சோதித்துப் பார்த்திருந்தது. 2017இல் காற்றின் தரத்துக்கேற்பப் படிப்படியாகக் கட்டுப்பாடுகளை விதிக்கும் செயல்திட்டம் நடைமுறைக்கு வந்தது. எனவே தில்லியில் முகக்கவசம் என்பது முதலில் தன்னைக் காற்றிலிருந்து காத்துக்கொள்ளும் பொருள். வாங்க முடிந்தவர் தமக்காக வாங்கிக்கொண்ட பொருள்.

மும்பைக்கு அந்த அனுபவம் இல்லை. கடற்காற்று நெடுங்காலம் அந்நகரின் புகையை அள்ளிச் சென்றுகொண்டிருந்தது. மும்பைக்கு முகக்கவசம் வந்தது தொற்றுநோயோடு, 2020 ஏப்ரலில் மாநகராட்சி ஆணையாகத்தான். அங்கே அது பிறருக்கு நோய் பரவாமல் தடுக்கும் பொருளாக, கூட்டத்துக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டாக அறிமுகமாயிற்று. 'நோ மாஸ்க், நோ என்ட்ரி' என்ற வாசகம் பேருந்துகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் ஒட்டப்பட்டது. நாள்தோறும் ஏறத்தாழ 75 லட்சம் பேரைச் சுமந்த புறநகர் ரயில், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, ஜூனில் அத்தியாவசியப் பணியாளர்களுக்கும், 2021 பிப்ரவரியில் குறிப்பிட்ட நேரங்களில் பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டது. ரயில் இல்லாவிட்டால் மும்பைத் தொழிலாளிக்கு வேலை இல்லை. ரயிலில் ஏற வேண்டுமானால் முகக்கவசம் வேண்டும். இந்தக் கட்டாயத்தை உணராமல் மும்பைவாசியின் 'ஒழுங்கை' வியப்பதில் பொருளில்லை.

2022 ஏப்ரல் தொடக்கத்தில் மகாராஷ்டிரம் கட்டுப்பாடுகளை விலக்கியது. மும்பையின் தெருக்களில் முகக்கவசம் விரைவிலேயே அரிதாயிற்று. தில்லியோ அபராதத்தை நிறுத்திவிட்டு, அதே மாதத்தில் மீண்டும் விதித்து, பல மாதங்கள் கழித்தே முற்றாகக் கைவிட்டது. அதன்பிறகும் நவம்பர் வந்தால் தில்லியில் முகக்கவசம் தலைகாட்டுகிறது. ஒரு நகரத்தார் பொறுப்பானவர்கள், மற்றவர் பொறுப்பற்றவர்கள் என்பதற்கு இதில் சான்று எதுவும் இல்லை. காற்றும் பயணமும் பிழைப்பும் வேறுவேறாக இருந்ததால் பழக்கமும் வேறுவேறாக அமைந்தது என்பதே இதன் பொருள்.

அபராதத்தின் கணக்கு

2020 மார்ச் 13ஆம் நாள் ஒன்றிய அரசு முகக்கவசத்தையும் கைச்சுத்திகரிப்பானையும் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. அந்த ஆணை ஜூன் 30 வரைதான். தொற்று உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோதே அது நீட்டிக்கப்படாமல் விடப்பட்டது. கைகளைத் தூய்மையாக வைத்திருங்கள் என்று தொலைபேசி அழைப்புதோறும் அறிவுரை ஒலித்த நாட்களில், கைச்சுத்திகரிப்பானுக்கு 18 விழுக்காடு சரக்கு சேவை வரி வசூலிக்கப்பட்டது. 2021 ஜூனில், இரண்டாம் அலை பேரழிவை முடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கிய பிறகே, அது தற்காலிகமாக 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

பொருளை மலிவாக்குவதில் காட்டாத வேகத்தை அரசுகள் தண்டம் விதிப்பதில் காட்டின. முகக்கவசம் அணியாதவருக்கு மும்பை 200 ரூபாய் அபராதம் விதித்தது. தில்லியில் 500 ரூபாயாக இருந்த அபராதம் 2020 நவம்பரில் ஒரேயடியாக 2,000 ரூபாயாக்கப்பட்டது. அப்போது தில்லியில் திறன்சாராத் தொழிலாளிக்கு அறிவிக்கப்பட்டிருந்த குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 600 ரூபாய்க்கும் குறைவு; அதுவும் ஏட்டளவில். மூன்று நாள் கூலிக்கு மேற்பட்ட தொகை ஒருவருக்குச் சுண்டிவிட்டுப் போகும் சில்லறை. இன்னொருவருக்கு வீட்டு வாடகை. ஒரே அபராதம் எல்லோருக்கும் சமமானது என்று சட்டம் சொல்லலாம், வயிறு சொல்லாது.

தில்லியில் காருக்குள் தனியாக இருந்தபோது விதிக்கப்பட்ட அபராதத்தை எதிர்த்து வழக்குரைஞர்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். 2021 ஏப்ரலில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தனியாக இருந்தாலும் காரில் முகக்கவசம் கட்டாயம் என்றது. ஆனால் 2022 பிப்ரவரியில் தில்லி அரசே காரில் தனியாகச் செல்வோருக்கு விலக்கு அளித்தது. கார் வைத்திருந்தவரின் குறை நீதிமன்றத்தில் விவாதிக்கப்பட்டது, பின்னர் அரசாணையிலும் இடம்பெற்றது. சைக்கிள் ரிக்‌ஷாவை மேட்டில் மிதித்து மூச்சு வாங்கியபோது முகக்கவசத்தை இறக்கிய தொழிலாளியின் குறை எந்த மன்றத்திலும் விவாதிக்கப்படவில்லை. உடலுழைப்பு மூச்சைக் கேட்கிறது என்ற எளிய உண்மை விதிகளை வகுத்தவர்களின் நினைவுக்கு வரவில்லை.

தாராவி உணர்த்திய உண்மை

2020 ஏப்ரல் 1ஆம் நாள் தாராவியில் முதல் தொற்று உறுதியானபோது, அங்கே பெருஞ்சாவு நிகழும் என்று பலரும் அஞ்சினர். சற்றேறக்குறைய இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் பல லட்சம் மக்கள் வாழும் இடம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்குச் சென்ற தமிழ் உழைப்பாளர்களின் வழித்தோன்றல்களும், குஜராத்திலிருந்து வந்த குயவர்களும், உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த தையல் தொழிலாளர்களும் சேர்ந்து உருவாக்கிய ஊர் அது. அங்கே ஓர் அறைக்குள் எட்டுப் பேர், பத்துப் பேர் வாழ்கின்றனர். பெரும்பாலானோருக்குப் பொதுக் கழிப்பறைதான். 'ஆறடி இடைவெளி' என்ற அறிவுரை அங்கே கேலியாகவே ஒலித்தது.

ஆயினும் சில மாதங்களில் தாராவியில் தொற்று கட்டுக்குள் வந்தது. 2020 ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் தலைவரே அதை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். எப்படி நிகழ்ந்தது? மாநகராட்சிப் பணியாளர்களும் அந்தப் பகுதியின் தனியார் மருத்துவர்களும் வீடுவீடாகச் சென்று காய்ச்சலைச் சோதித்தனர். பள்ளிகளும் திருமண மண்டபங்களும் விளையாட்டு வளாகமும் தனிமைப்படுத்தும் மையங்களாயின. அங்கே உணவு வழங்கப்பட்டது. பொதுக் கழிப்பறைகள் நாள்தோறும் பலமுறை கிருமிநாசினி கொண்டு கழுவப்பட்டன. அதாவது, வீட்டுக்குள் இடமில்லாதவருக்கு வெளியே இடம் தரப்பட்டது. தனியாகக் கழிப்பறை இல்லாதவருக்குப் பொதுக் கழிப்பறை தூய்மையாக்கித் தரப்பட்டது. இவை தரப்பட்டவுடன் மக்கள் ஒத்துழைத்தனர். 'சுத்தம் அறியாதவர்கள்' என்று பெயர் சூட்டப்பட்டவர்கள் ஒரே கோடைக்காலத்தில் சுத்தம் கற்றுக்கொண்டுவிடவில்லை. அதற்கான வாய்ப்பு அவர்களுக்கு முதன்முறையாகக் கிடைத்தது, அவ்வளவே.

அதே ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் மாநகராட்சியும் நிதி ஆயோக்கும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து ரத்த மாதிரிகளைச் சோதித்தன. குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினருக்கும் பிற பகுதிகளில் 16 விழுக்காட்டினருக்கும் நோய்க்கு எதிரான புரதம் ரத்தத்தில் உருவாகியிருந்தது. மக்கள் நெருக்கமும், பொதுக் கழிப்பறை போன்ற பகிர்ந்துகொள்ளும் வசதிகளும் இதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்தில் தில்லியில் நடந்த ஆய்வில் இந்த அளவு 23.48 விழுக்காடு. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தில்லிக்கும் மும்பைக்கும் இடையே இருந்த இடைவெளியைவிட, மும்பையின் ஒரே வார்டுக்குள் குடிசைக்கும் அடுக்குமாடிக்கும் இடையே இருந்த இடைவெளி மலைக்க வைப்பது. நகரத்தையும் நகரத்தையும் ஒப்பிடும் வாதம் இந்த இடைவெளியைத்தான் மறைக்கிறது.

துடைப்பம்: அங்கே சடங்கு, இங்கே தண்டனை

2020 அக்டோபரில் மும்பை மாநகராட்சி ஒரு புதிய தண்டனையைக் கண்டுபிடித்தது. முகக்கவசம் அணியாமல் பிடிபட்டு, 200 ரூபாய் அபராதத்தையும் செலுத்த இயலாதவர்கள் அல்லது மறுப்பவர்கள், தெருவைப் பெருக்கும்படி செய்யப்பட்டனர். பலரும் அதைப் பாராட்டினர், ஒளிப்படங்கள் வெளிவந்தன. நகைப்போடு அது பேசப்பட்டது.

அதில் நகைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒருவருக்குத் தண்டனையாக விதிக்கப்படும் வேலை, வேறொருவருக்கு அன்றாடப் பிழைப்பு. நாள்தோறும் விடியுமுன் அதே தெருவைப் பெருக்கும் மாநகராட்சித் தொழிலாளி எந்தக் குற்றத்துக்காகப் பெருக்குகிறார்? துடைப்பம் பிடிப்பது இழிவு என்ற எண்ணம் ஆணையிட்டவர் மனத்திலும் பார்த்துச் சிரித்தவர் மனத்திலும் ஆழப் பதிந்திருந்தால்தான் அது தண்டனையாக இயங்க முடியும். சாதியின் பெயரை ஒருமுறைகூட உச்சரிக்காமல் சாதியின் தீர்ப்பை நிறைவேற்றிய நடவடிக்கை அது. அம்பேத்கர் 1935இல் மாநகராட்சித் தொழிலாளர்களுக்கென்று சங்கம் கண்ட நகரத்திலேயே அது நிகழ்ந்தது என்பது கூடுதல் வேதனை.

தில்லியில் துடைப்பத்துக்கு வேறு கதை. 1946 - 47இல் காந்தி தங்கியிருந்த வால்மீகி பஸ்தியில், 2014 அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் மோடி துடைப்பம் ஏந்தி 'தூய்மை இந்தியா' இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அமைச்சர்களும் திரைக்கலைஞர்களும் தொழிலதிபர்களும் தொடர்ந்து துடைப்பத்தோடு காட்சி தந்தனர். தில்லியில் துடைப்பம் சடங்காயிற்று, மும்பையில் தண்டனையாயிற்று. இரண்டு நகரங்களிலும் அது ஒரு தொழில்கருவி என்பதும், அதைப் பிடித்திருப்பவர் கூலிக்கும் பாதுகாப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் உரிமையுள்ள தொழிலாளி என்பதும் மறைக்கப்பட்டது.

தூய்மை இந்தியா பிறந்த அதே தலைநகரில், 2018 செப்டம்பரில் மோதி நகர்ப் பகுதியின் உயர்தர அடுக்குமாடி வளாகத்தில் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிக்குள் இறங்கிய ஐந்து தொழிலாளர்கள் நச்சுவாயுவால் மாண்டனர். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013 முதல் நடைமுறையில் இருந்தது. 2020 அக்டோபரில், பெருந்தொற்றுக்கு நடுவே, வடக்குத் தில்லி மாநகராட்சியின் ஹிந்து ராவ் மருத்துவமனை மருத்துவர்களும் செவிலியர்களும் ஊதியம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. அடுத்த ஜனவரியில் தில்லி மாநகராட்சிகளின் தூய்மைப் பணியாளர்கள் ஊதிய நிலுவைக்காக வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள்மீது மலர் தூவியும் தட்டுகளை ஒலித்தும் நன்றி சொன்ன ஆட்சிமுறை, மாதச் சம்பளத்தை உரிய நாளில் தருவதை நன்றியின் பகுதியாகக் கருதவில்லை.

மும்பையில் நிலைமை இதனினும் மேம்பட்டிருந்தால், அதற்குப் போராட்டமே காரணம். ஒப்பந்த முறையில் குப்பை அள்ளிய 2,700 தொழிலாளர்கள் நெடுங்காலம் சட்டப்போராட்டமும் தெருப்போராட்டமும் நடத்தி, 2017இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று நிரந்தரப் பணியாளர் என்ற உரிமையை வென்றனர். ஒரு நகரம் எவ்வளவு தூய்மையானது என்பதை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

சுகாதாரத்தின் பெயரால் வெளியேற்றம்

தொற்றுநோயைக் காரணம் காட்டி ஏழைகளை அப்புறப்படுத்தும் வழக்கம் இந்நாட்டில் புதிதன்று. 1896இல் பம்பாயின் மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. ஆங்கில அரசு 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியது. வீடு புகுந்து சோதனை, கட்டாயப் பிரிப்பு, உடைமைகளை எரித்தல் எல்லாம் அதன் பெயரால் நடந்தன. 1898 மார்ச்சில் பம்பாயில் கலகம் வெடித்தது. அதே 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நெருக்கடியான குடியிருப்புகளை இடித்து அகன்ற சாலைகளைப் போட்டது. இடிக்கப்பட்ட வீடுகளுக்கு ஈடாகத் தொழிலாளர்களுக்கு வீடுகள் எழவில்லை. அவர்கள் இன்னும் நெருக்கமான இடங்களுக்குத் தள்ளப்பட்டனர். 2020இல் ஊரடங்குக்குத் துணைநின்றதும் அதே 1897ஆம் ஆண்டுச் சட்டமே.

2020 ஆகஸ்ட் இறுதியில், வீட்டுக்குள் இருங்கள் என்று நாடெங்கும் சொல்லப்பட்ட காலத்தில், தில்லியின் ரயில் பாதையோரம் இருந்த சுமார் 48,000 குடிசைகளை மூன்று மாதத்துக்குள் அகற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எதிர்ப்பு எழுந்ததால் அது உடனே நிறைவேறவில்லை. ஆனால் 2025 ஜூன் 1ஆம் நாள் ஜங்புராவின் மதராசி கேம்ப் தப்பவில்லை. தலைமுறைகளாகத் தமிழ் உழைப்பாளர்கள் வாழ்ந்த அந்தக் குடியிருப்பின் சுமார் 370 வீடுகள், பாராபுல்லா வடிகாலைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற காரணத்தால், உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் இடித்துத் தள்ளப்பட்டன. பாதிக்குச் சற்று மேற்பட்ட குடும்பங்களுக்கே மாற்று வீடு; அதுவும் நகரின் வடகோடியில் நரேலாவில். அங்கே வாழ்ந்த பெண்களில் பலர் சுற்றியுள்ள வசதிமிக்க குடியிருப்புகளில் வீட்டுவேலை செய்தவர்கள். அந்த வீடுகளின் தரையைத் துடைத்துத் தூய்மையாக வைத்திருந்தவர்களே, நகரின் தூய்மைக்குத் தடை என்று சொல்லி அகற்றப்பட்டனர்.

மும்பையில் தாராவி மறுசீரமைப்பும் இதே மொழியைத்தான் பேசுகிறது. 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்ற அத்திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பு குடியேறியதை நிறுவ இயலாதவர்களும் மாடிப் பகுதிகளில் வசிப்பவர்களும் தாராவிக்கு வெளியே அனுப்பப்பட இருக்கின்றனர். தேவனார் குப்பைமேட்டு நிலமும் அதற்குப் பரிசீலிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. சுகாதாரமான வீடு தருகிறோம் என்று சொல்லிக் குப்பைமேட்டுக்கு அனுப்புவதை எந்தச் சுகாதார நூல் ஏற்கும்?

காற்றுக்கும் வர்க்கம் உண்டு

2024 நவம்பர் 18ஆம் நாள் தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 490ஐத் தாண்டியது. பள்ளிகள் இணையவழிக்கு மாறின; அலுவலகங்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்தனர்; கட்டுமானம் நிறுத்தப்பட்டது. வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதவர் யார்? கட்டுமானத் தொழிலாளி, உணவு கொண்டுசெல்லும் இளைஞர், தெரு வியாபாரி, காசிப்பூர் குப்பைமலையில் பொறுக்கிப் பிழைப்பவர். துணி முகக்கவசம் எச்சில் துளிகளை ஓரளவு தடுக்கும். நுரையீரலின் அடி வரை செல்லும் நுண்துகளுக்கு அது தடையாகாது. அதற்கு 'என்95' வகை வேண்டும். அதைத் தொடர்ந்து வாங்கி மாற்றிக்கொண்டிருக்க அன்றாடக் கூலி இடந்தராது. ஆகவே தில்லியின் குளிர்காலத்தில், காற்றுச் சுத்திகரிப்பான் உள்ள வீட்டிலிருந்து காற்றுப் புகாத காரில் செல்பவர் முகத்தில் நல்ல கவசம் இருக்கிறது. பத்து மணி நேரம் தெருவில் நிற்பவர் முகத்தில் ஒரு கைக்குட்டை இருக்கிறது, அல்லது ஒன்றும் இல்லை. இதை விழிப்புணர்வுக் குறைவு என்று சொல்வது பொய்.

கட்டுமானம் நிறுத்தப்படும் நாட்களில் காற்றுக்காகக் கூலியை இழப்பவரும் அதே தொழிலாளிதான். 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நல வாரியங்களில் குவிந்துள்ள செஸ் நிதியிலிருந்து அவர்களுக்கு வாழ்வூதியம் வழங்க மாநிலங்களைப் பணித்தது. ஆனால் பதிவு செய்தவருக்கே தொகை. பதிவே இல்லாத புலம்பெயர் தொழிலாளிக்கு வாரியமும் இல்லை, ஊதியமும் இல்லை.

கடற்காற்றை நம்பியிருந்த மும்பைக்கும் இந்நிலை நெருங்கிவிட்டது. 2023 அக்டோபரில் சில நாட்கள் மும்பையின் காற்று தில்லியைவிட மோசமாயிற்று. கட்டுமான இடங்களுக்கு 27 விதிகளை மாநகராட்சி அறிவித்தது. உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து தலையிட்டது. இருநகர வேறுபாட்டைப் பற்றிய பெருமிதங்கள் கரையும் காலம் இது. கட்டற்ற கட்டுமானமும் தனியார் வாகனப் பெருக்கமும் எங்கே சென்றாலும் ஒரே காற்றைத்தான் உண்டாக்கும்.

பழக்கம் மாறாதா?

அப்படியானால் பழக்கமே ஒரு பொருட்டில்லையா, அமைப்பு மாறும்வரை எச்சில் துப்பிக்கொண்டே இருக்கலாமா என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்வி. பொது இடத்தில் துப்புவதும், இருமும்போது வாயை மறைக்காததும் சக தொழிலாளிக்கே முதலில் கேடு. காசநோய் இன்றும் தொழிலாளர் குடியிருப்புகளைத்தான் அதிகம் தின்கிறது. வறுமையைக் காட்டி இதை நியாயப்படுத்துவது வறியவருக்குச் செய்யும் நன்மை ஆகாது.

ஆனால் பழக்கம் என்ற சொல்லுக்குள்ளேயே பழகுதல் இருக்கிறது. பழகுவதற்குப் பொருள் வேண்டும். வராத தண்ணீரோடு எவரும் பழக முடியாது. 2018இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, உணவுக்கு முன் சோப்பிட்டுக் கைகழுவும் குடும்பங்கள் நாட்டில் 36 விழுக்காடு அளவே. இது தில்லியின் குணமும் அன்று, மும்பையின் குணமும் அன்று. குழாயும் சோப்பும் எட்டாத நாட்டின் கணக்கு. மும்பையில் 1995க்குப் பின் உருவான குடிசைகளுக்குத் தண்ணீர் இணைப்பு மறுக்கப்பட்டு வந்தது. பானி ஹக் சமிதி தொடுத்த வழக்கில், 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், தண்ணீர் அரசமைப்பின் 21ஆவது பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்றும், குடியிருப்பு சட்டப்படியானதா என்பதைக் காட்டி அதை மறுக்க முடியாது என்றும் கூறியது. அனைவருக்கும் தண்ணீர் என்ற கொள்கையை மாநகராட்சி அறிவிக்க 2022 வரை ஆயிற்று. 2011இல் அதே நகரத்துப் பெண்கள், ஆண்களுக்கு இலவசமாக உள்ள சிறுநீர் கழிக்கும் வசதிக்குத் தம்மிடம் மட்டும் காசு வாங்குவதை எதிர்த்து இயக்கம் தொடங்கினர். தில்லியிலோ 1,700க்கும் மேற்பட்ட அங்கீகரிக்கப்படாத குடியிருப்புகளில் பலவற்றில் இன்றும் லாரித் தண்ணீரே கதி.

பொருளும் நம்பிக்கையும் சேர்ந்து கிடைத்தால் பழக்கம் விரைவாக மாறும் என்பதற்குக் கேரளம் சான்று. 2020 மார்ச்சில் 'சங்கிலியை உடைப்போம்' என்ற இயக்கத்தை இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கியபோது, பேருந்து நிலையங்களிலும் அலுவலக வாயில்களிலும் முதலில் வைக்கப்பட்டவை தண்ணீரும் சோப்பும்தான். குடும்பஸ்ரீ பெண்கள் முகக்கவசம் தைத்தனர். அறிவுரை சொன்ன இடத்திலேயே அதை நிறைவேற்றும் வழியும் வைக்கப்பட்டிருந்தது.

கோரிக்கைப் பட்டியலில் முன்வரிசை

தண்ணீர், கழிப்பறை, காற்று ஆகியவை தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியல்களில் பெரும்பாலும் கடைசி வரிகளாகவே இடம்பெறுகின்றன. கூலிக்கும் போனசுக்கும் பின்னால் அவை வருகின்றன; பேச்சுவார்த்தையில் முதலில் விட்டுக்கொடுக்கப்படுபவையும் அவையே. இந்த வரிசையை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. நோயில் இழக்கும் நாளும் கூலியே, மருத்துவமனையில் கட்டும் பணமும் கூலியே.

வெளியில் உழைப்போருக்குத் தரமான முகக்கவசம், தலைக்கவசத்தையும் காலணியையும் போல, வேலையளிப்பவர் தம் செலவில் வழங்க வேண்டிய பாதுகாப்புக் கருவி. காற்று மாசுக்காக வேலை நிறுத்தப்படும் ஒவ்வொரு நாளுக்கும், பதிவு பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடின்றிக் கூலி ஈடு தரப்பட வேண்டும். ஒவ்வொரு தொழிலாளர் குடியிருப்புக்கும் ஒவ்வொரு வேலைத்தளத்துக்கும் கட்டணமில்லாத, தண்ணீருள்ள கழிப்பறை வேண்டும். பெண்களுக்கு இரவிலும் பாதுகாப்பான கழிப்பறை வேண்டும். தூய்மைப் பணியில் ஒப்பந்த முறை ஒழிய வேண்டும். தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்போ எதிர்த்திசையில் செல்கிறது. மின்விசை கொண்டு இயங்கும் தொழிற்சாலை என்பதற்கான வரம்பை 10 தொழிலாளர்களிலிருந்து 20ஆக உயர்த்தி, தில்லி வசீர்பூரின் உருக்குப் பட்டறைகளிலும் தாராவியின் தையற்கூடங்களிலும் உழைக்கும் எண்ணற்றோரைத் தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளுக்கு வெளியே தள்ளுகிறது. இதை எதிர்க்கும் போராட்டமும் சுகாதாரப் போராட்டமே.

கட்சிக் கிளைகளும் வெகுஜன அமைப்புகளும் தத்தம் பகுதியில் ஒரு கணக்கெடுப்பிலிருந்து தொடங்கலாம்: எத்தனை வீட்டுக்கு ஒரு குழாய், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, தூய்மைப் பணியாளருக்குக் கையுறை எத்தனை நாளுக்கொருமுறை வருகிறது, சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது. இந்தக் கணக்கு கையில் இருக்குமானால், மக்களுக்குச் சுத்தம் தெரியாது என்று சொல்லும் அதிகாரிக்கு முன் அதை வைத்துப் பேசலாம். தில்லியா, மும்பையா, எது ஒழுங்கான நகரம் என்ற பட்டிமன்றத்தை வசதியுள்ளவர்கள் நடத்திக்கொள்ளட்டும். இரண்டு நகரங்களையும் பெருக்குபவர்களுக்கு அந்த நகரங்களில் வாழும் உரிமையைப் பெற்றுத்தருவதே உழைக்கும் மக்களின் இயக்கத்துக்குரிய வேலை.